அறுபது கிலோமீட்டர் வண்டியில் மரக்காணம்

புறப்பட்ட ஒன்றே கால் மணி நேரத்தில் என்னை இரண்டு சைக்கிள்கள் முந்திச் சென்றன. நான் போய்க்கொண்டிருந்தது மின்சார ஸ்கூட்டரில். சைக்கிளில் போனவர்கள் ஆரோவில் பக்கமிருந்து வந்த வெள்ளைக்காரத் தம்பதி. அறுபது வயதாவது இருக்கும் இருவருக்கும். அந்த அம்மா என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார்: “சத்தமே இல்லையே, அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போகிறீர்களா?” நான் சிரித்து வைத்தேன். அவர் கணவர் அவரிடம், “பாவம்தான், ஆனால் தள்ளிவிடலாம் என்று சொல்லிவிடாதே, நமக்கும் நேரமாகிறது” என்றார். கடல் காற்று அந்த வார்த்தைகளை அப்படியே கொண்டுவந்து என் காதில் போட்டது.

அந்தக் காற்றைப் பற்றி நான் கணக்கே போட்டிருக்கவில்லை. இரண்டாயிரத்து ஆறு, மாசி மாதக் கடைசி. நான் கல்லூரியை முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூன்று மாதம் போல்ட் எண்ணிய பிறகு அலுத்துப்போய், இடையஞ்சாவடியில் ஒரு முந்திரித் தோப்புக்கு நடுவே ரமேஷ் அண்ணன் நடத்திய பட்டறையில் வந்து சேர்ந்திருந்தேன். நாங்கள் ஆறு பேர். மின்சார ஸ்கூட்டர் செய்தோம். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், உதைக்க வேண்டாம். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் அறுபது கிலோமீட்டர். நோட்டீஸில் இந்த அறுபதுதான் பெரிய எழுத்தில் இருந்தது. அதை எழுதியவன் நான்.

வெளியூரிலிருந்து எங்களுக்கு வந்த முதல் விசாரிப்பு மரக்காணத்திலிருந்து. உப்பளத்தில் பம்ப் செட் பார்க்கும் ஆரோக்கியம் என்பவர் போன் செய்தார். அவர் தங்கை ஸ்டெல்லாவுக்கு வண்டி வேண்டும். அவளுக்குச் சின்ன வயதில் போலியோ, இடது கால் சூம்பிவிட்டது. கிக்கர் உதைக்க முடியாது. முருக்கேரி பக்கம் வீடு, மரக்காணம் உப்பளத்தில் வேலை, நடுவில் பதினாறு கிலோமீட்டர். தினமும் அண்ணன்தான் மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வருகிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் குவைத்துக்கு விமானம் ஏறுகிறார். அதற்குள் தங்கைக்கு ஒரு வழி செய்துவிட்டுப் போக வேண்டும்.

போக வர முப்பத்திரண்டு. எங்கள் வண்டி அறுபது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? “நானே ஓட்டிக்கிட்டு வர்றேன் சார், நீங்களே பாருங்க” என்றேன். புதன்கிழமை காலை கிளம்பினேன்.

மைல்கல்லில் ‘மரக்காணம் 4’ என்று வந்த இடத்தில் வண்டி நின்றது. நின்றது என்றால் சட்டென்று இல்லை. ஒரு கிலோமீட்டராகவே முனகியது, நடக்கிறவர் வேகத்துக்கு வந்தது, பிறகு பெருமூச்சுகூட விடாமல் ஓய்ந்தது. இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடியிருந்தது. முதல் நாள் பட்டறையில் நானே சார்ஜ் ஏற்றி, நானே பேட்டரி ஆசிட்டின் டிகிரி பார்த்து, முழுசாக நிரப்பிக் கொண்டுவந்த வண்டி.

சாலையோரம் தர்பூசணி குவித்து விற்றுக்கொண்டிருந்த அம்மா, “என்னா தம்பி, பெட்ரோல் இல்லையா?” என்று கேட்டாள்.

“இது பெட்ரோல் வண்டி இல்லீங்க. கரண்ட் வண்டி.”

“ஓ, கரண்ட் போயிடுச்சா? எங்கூட்டுலயும் காலைலேர்ந்து இல்ல” என்று சமாதானமாகச் சொல்லி ஒரு கீற்று அறுத்துக் கொடுத்தாள். அதற்கு மேல் அதில் விளக்க ஒன்றும் இல்லை. தொண்ணூறு கிலோ வண்டியை வெயிலில் தள்ளினேன். செல்போனில் ஒரு கோடு டவர் வந்த இடத்தில் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டேன்.

கால் மணியில் வந்தார். கட்டுமஸ்தான ஆள், முப்பது வயது இருக்கும், கைலியை மடித்துக் கட்டியிருந்தார். என்னையும் வண்டியையும் ஒரு சுற்று பார்த்தார்.

“ஏறி உக்காருங்க என்ஜினியர் சார். ஹேண்டில மட்டும் நேரா புடிச்சுக்குங்க.”

மொபெட்டை என் பின்னால் கொண்டுவந்து, இடது காலை நீட்டி, என் வண்டியின் பின் கால்மிதியில் வைத்து உந்தினார். நடுவழியில் நின்றுபோன வண்டியை இன்னொரு வண்டிக்காரர் இப்படிக் காலால் தள்ளிக்கொண்டு போவதை ஊரெல்லாம் பார்த்திருக்கிறேன். நான் தள்ளப்பட்டது அதுதான் முதல் முறை. அறுபது கிலோமீட்டர் வண்டி மரக்காணத்துக்குள் ஒரு காலால் வந்து சேர்ந்தது.

“காத்து எதிர்காத்து” என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

“இங்க எப்பவும் காத்துதான் சார்” என்றார் பின்னாலிருந்து.

சாலையிலிருந்து பிரியும் மண் கரையில் ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் அவர்கள் வேலை செய்யும் உப்பளம். எனக்கு உப்பு என்றால் மளிகைக் கடைப் பாக்கெட். இங்கே அது கண்ணைத் திறக்கவிடாத வெள்ளை. வேலை விடிவதற்கு முன்பே தொடங்கி பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிடுமாம். பெண்கள் கடைசி நடையாகக் கூடையில் உப்பைத் தூக்கி வந்து கரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா ஒரு பாத்தியின் ஓரம் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான். கையில் விரல் தண்டிக் கண்ணாடிக் குழாய். அதில் பாத்தித் தண்ணீரை மொண்டு, உள்ளே கோடு போட்ட ஒரு கண்ணாடி மிதவையை விட்டாள். மிதவை எவ்வளவு எழும்பி நிற்கிறதோ அது டிகிரி. இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு பூக்கும். முப்பதுக்குப் போனால் கசப்புத் தண்ணீர், வெளியே விட்டுவிட வேண்டும். எந்தப் பாத்திக்கு எப்போது மடையைத் திறப்பது என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். ஒரு நாள் அவள் வராவிட்டால் நாற்பது பாத்தியும் யார் கண் அளவுக்கோ போய்விடும்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தாள்.

“பச்சை கலரா? நல்லா இருக்குது. ஏங்க, தள்ளிக்கிட்டா வந்தீங்க?”

“தள்ளிக்கிட்டு இல்லம்மா” என்றார் ஆரோக்கியம். “உதைச்சுக்கிட்டு.”

சாயங்காலம் பம்ப் கொட்டகையில் வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு டவுனில் ஒரு லாட்ஜில் தங்கினேன். கீழே மெஸ்ஸில் வஞ்சிரக் குழம்பு. அம்பத்தூரில் எங்கள் வீட்டில் மீன் என்றால் ஞாயிறு மட்டும், அதுவும் ஐஸில் கிடந்து ருசி போனது. இங்கே மதியம் பிடித்தது சாயங்காலம் இலையில். மூன்று முறை சோறு வாங்கினேன். தோள்பட்டை கழன்று விழுவதுபோல இருந்தது. குளிக்காமலே தூங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். நோட்டீஸில் அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

வேலை முடிந்ததும் ஸ்டெல்லா ஏறினாள். ஊன்றுகோலைக் கால் வைக்கும் பலகையில் படுக்க வைத்தாள். ஆரோக்கியத்தின் மொபெட்டில் நான் பின்னால். கரை முழுக்க அவள் பயந்துகொண்டே போனாள், தார் ரோட்டுக்கு வந்ததும் கையை முறுக்கினாள். திண்டிவனம் போகிற சாலையில் அவள் முந்தானை கொடிபோலப் பறந்தது. பிறந்ததிலிருந்து யார் முதுகையோ பார்த்துக்கொண்டே போனவளுக்கு முதல் முறையாக முன்னால் ரோடு மட்டும் இருந்தது. ஒரு மாட்டு வண்டியைத் தாண்டிவிட்டுத் திரும்பி, “அண்ணே! ஓவர்டேக்!” என்று கத்தினாள்.

ஆரோக்கியம் கொஞ்ச தூரம் போனதும் கைலி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தூசி” என்றார்.

வீட்டில் கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும். அவர்கள் அம்மா எனக்கு மட்டும் கூழில் மோர் அதிகம் ஊற்றினார், பட்டணத்துப் பிள்ளை விக்கிக்கொள்ளும் என்று. அறையில் ஒரு புதுப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. சாப்பிட்டதும் உப்பளத்துக்குத் திரும்பினோம். போக வர எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதுதானே ஏற்பாடு.

ஆறு கிலோமீட்டர்தான் வந்தோம். பனைமரங்களைத் தவிர வேறு எதுவும் இல்லாத இடத்தில் வண்டி முனக ஆரம்பித்தது. அந்த முனகல் எனக்குப் பழகியிருந்தது. மொத்தம் இருபத்திரண்டு.

ஆரோக்கியம் பழக்கம்போல மொபெட்டை அவள் பின்னால் கொண்டுவந்து காலை நீட்டினார்.

“இருண்ணே” என்றாள் ஸ்டெல்லா. “நீ குவைத்ல இருக்கன்னு வச்சுக்க.”

“என்னா இப்ப?”

“நீ இல்ல. நான் மட்டும் இருக்கேன். வண்டி நின்னுடுச்சு. இப்ப நான் என்னா பண்ணணும்? என்ஜினியர் சார், நீங்க சொல்லுங்க.”

“பக்கத்துல யாராவது…” என்றேன்.

அவள் ரோட்டைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஒரு ஆடு இருந்தது.

அவள் இறங்கி, பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று ஊன்றுகோலை என்னிடம் நீட்டினாள். “இத கக்கத்துல வச்சுக்குங்க. இடது காலை மடக்கிக்குங்க. இப்ப தள்ளுங்க. நான் தள்ளுற மாதிரி.”

“ஸ்டெல்லா, வெளாடாத” என்றார் ஆரோக்கியம்.

“நான் வெளாடல.”

எனக்கும் ரோஷம். ஊன்றுகோலை அக்குளில் வைத்து, ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து, ஒற்றைக் காலால் உந்தினேன். நாலு எட்டு வந்தது. ஐந்தாவதில் ஹேண்டில் மடங்கியது. வண்டி என் பக்கமே சாய்ந்தது, நானும் அதோடு கீழே. பேட்டரி மூடியிலிருந்து ஆசிட் கசிந்து என் பேண்ட்டில் பட்டது. ஆரோக்கியம் குடிதண்ணீர் கேனை முழுதும் என் மேல் ஊற்றினார். பத்து நிமிடத்தில் முழங்காலுக்கு மேல் அழகாக மூன்று ஓட்டை.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “அடி பட்டுச்சாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அவளை நிழலில் விட்டுவிட்டு நானும் ஆரோக்கியமும் வண்டியை நிமிர்த்தினோம். அப்போது அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சார், பேட்டரி புதுசு, செட் ஆவல, போகப் போக அறுபது வரும்னு சொல்லிடுங்க. அவ நம்பிட்டா போதும். இல்லன்னா நான் எப்படி சார் ஃபிளைட் ஏறுவேன்? ரெண்டு வருஷம் அலைஞ்சு கிடைச்ச விசா. ‘நீ போண்ணே, நான் பாத்துக்கறேன்’னுதான் அவளும் சொல்லுவா. சொல்லிட்டு வேலைய விட்டுட்டு வீட்டுல உக்காந்துக்குவா.”

பேட்டரி போகப் போகத் தேயுமே தவிர வளராது. இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. கொட்டகை வரைக்கும் மறுபடியும் கால். ஸ்டெல்லா ஹேண்டிலைப் பிடித்திருந்தாள், அண்ணன் உந்தினார், நான் பின்னால் வந்த நெல் டிராக்டரில் மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். கொட்டகையில் வண்டியைச் சார்ஜில் போட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரமேஷ் அண்ணன் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

“நீ முறுக்கி ஓட்டியிருப்ப. சரி விடு. ரெண்டு பக்கமும் சார்ஜ் போட்டுக்கச் சொல்லு. நம்ம முதல் வெளியூர் வண்டிடா அது. திரும்பி வரக்கூடாது, வித்துட்டு வா.”

ரெண்டு பக்கமும் சார்ஜ். எனக்கு ஏன் தோன்றவில்லை? பாதி இட்லியை விட்டுவிட்டு உப்பளத்துக்கு ஓடினேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “ஸ்டெல்லா, இங்க வந்ததும் போட்டுட்டா, நீங்க வேலை முடிக்கறதுக்குள்ள…” என்று மூச்சு வாங்கினேன்.

அவள் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இது நேத்தும் எரிஞ்சுதுங்களே” என்றாள். “எரிஞ்சும் ஏன் இருபத்திரண்டுல நின்னுது? இந்த வெளக்கு எதைப் பாத்து எரியுது?”

எதைப் பார்த்தும் இல்லை. எட்டு மணி நேரம் ஆனால் எரியும். எங்கள் சார்ஜரில் இருந்தது ஒரு டைமர், அவ்வளவுதான்.

“உள்ள இருக்கறது ஆசிட் தண்ணிதானே? அதுக்கு டிகிரி இல்லையா?”

இருக்கிறது. பட்டறையில் அதற்கென்று ஒரு மிதவையும் இருக்கிறது. பச்சை விளக்கு இருக்கும்போது அது எதற்கு என்று நான் எடுத்து வரவில்லை. இங்கேதான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நான்கு வருடம் படித்தவன் இரண்டு நாளாக உப்பளத்தில் உட்கார்ந்து, அவள் கையில் இருந்த குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

“உங்க மிதவைய விடலாமா? ஆசிட்டு, நல்லா கழுவணும்.”

“கண்ணாடிதானே. கழுவிக்கறேன். ஒடைச்சீங்கன்னா மட்டும் முதலாளி என்னை ஒடைச்சிடுவாரு.”

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் ரப்பர் பல்பால் இரண்டு அறையிலிருந்து உறிஞ்சி அவள் குழாயில் விட்டேன். மிதவை ஆடி நின்றது. அவள் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

“இருபத்திநாலு. இன்னும் ஒரு டிகிரி போனா உப்பு பூத்துடும்” என்றாள். “உங்களுக்கு எவ்வளவு வேணும்?”

உப்பளத்து டிகிரியில் அது எவ்வளவு என்று மனசுக்குள் மாற்றிப் பார்த்தேன். “முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு.”

“அப்ப கசப்புத் தண்ணி பதம். இது பாதிதான் விளைஞ்சிருக்கு.”

ஆரோக்கியம் சுவரில் இருந்த வோல்ட்மீட்டரைக் காட்டினார். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று நாற்பது. அந்தப் பக்கத்து லைனில் கடைசிக் கம்பம் இவர்களுடையது. மோட்டார் ராப்பகலாக ஓடும். விளக்கே மஞ்சளாகத்தான் எரியும். இந்த வோல்ட்டேஜில் எட்டு மணி நேரம் போட்டால் பாதிதான் ஏறும், பச்சை மட்டும் முழுசாக எரியும். நேற்று இருபத்திரண்டு ஓடியதே அவள் எடை குறைவு, போகும்போது எதிர்காற்றும் இல்லை என்பதால்தான்.

“அப்ப இங்க போட்டும் பிரயோஜனம் இல்ல. ஊட்டுலயும் பாதி ராத்திரி கரண்ட் இல்ல” என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். “சார், அறுபதுன்னு யாரு ஓட்டிப் பாத்தது?”

ஆரோக்கியம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். பேட்டரி புதுசு, செட் ஆகவில்லை. நாலு வார்த்தையில் சொல்லிவிடலாம். வண்டி விற்றுவிடும், அவர் விமானம் ஏறிவிடுவார், நான் ஊருக்குப் போய்விடுவேன். ஏதோ ஒரு நாள் சாயங்காலம் பனைமரத்தடியில் அவள் நிற்பாள். கக்கத்தில் இன்னும் வலித்தது எனக்கு.

“நான்தான் ஓட்டினேன்” என்றேன். “தோப்பைச் சுத்தி. காத்தே இல்ல. சைக்கிள் வேகம். அப்ப எனக்கு டைபாய்டு வந்து சரியான நேரம், நாப்பத்தெட்டு கிலோ இருந்தேன். அம்பத்திரண்டு வந்துச்சு. அறுபதுன்னு எழுதினேன்.”

“யோவ்” என்றார் ஆரோக்கியம். அவ்வளவுதான் சொன்னார். சார் போய்விட்டது.

ஸ்டெல்லா ஆத்திரப்படவில்லை. பாத்தியில் தண்ணீர் இத்தனை டிகிரி என்று யாராவது சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வாளோ அப்படிக் கேட்டுக்கொண்டாள். “சரி. எனக்கு எத்தனை?”

“முழுசா ஏத்தி, எதிர்காத்துல போனா தைரியமா இருபது. பயந்து பயந்து போனா இருபத்தஞ்சு.”

“அடுத்த வருஷம்?”

“பதினேழு. அதுக்கு அப்புறம் பேட்டரி நாலையும் மாத்தணும்.”

“முப்பத்திரண்டு நடக்காது.”

“நடக்காது.”

ஆரோக்கியம் கொட்டகையை விட்டு வெளியே போய்க் கரையில் உட்கார்ந்துவிட்டார். வெயிலில் உட்காரக்கூடாத இடம் அது. ஸ்டெல்லா ஊன்றுகோல் நுனியால் ஈர மண்ணில் ஒரு புள்ளி வைத்தாள், இன்னொரு புள்ளி வைத்தாள், கோடு இழுத்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு முதல் புள்ளியை அழித்துவிட்டு மற்றதன் பக்கத்திலேயே ஒன்றை வைத்தாள்.

“அண்ணே” என்று கூப்பிட்டாள். “வண்டிய நீட்ட முடியாது. ஊட்டைக் கிட்ட கொண்டாரலாம்ல?”

“என்னா ஒளர்ற?”

“ரெஜினா அத்தை ஊடு இங்கேர்ந்து மூணு கிலோமீட்டர்தானே? போக வர ஆறு. வாரம் ஆறு நாளு அங்க இருந்துக்கறேன். ஞாயித்துக்கிழமை பூசைக்கு அம்மாகிட்ட வந்துடறேன். பதினாறுதானே, போவும். பகல் முழுக்க அங்க சார்ஜ் போட்டுட்டுத் திரும்பிடலாம்.”

ஆரோக்கியம் எழுந்து நின்றார். “அங்கயா? என் பொணம்கூட அந்த ஊட்டு வாசப்படி மிதிக்காது.”

விஷயம் இதுதான். ஐந்து வருடத்துக்கு முன்பு ரெஜினா அத்தை தன் மகளை ஆரோக்கியத்துக்குக் கேட்டிருக்கிறார். இவர் மாட்டேன் என்றிருக்கிறார், அதுவும் கோயில் வாசலில் நாலு பேர் முன்னால். அந்தப் பெண் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டு குழந்தைகளும் பெற்றாயிற்று. அத்தை மட்டும் இன்னும் அந்தக் கோயில் வாசலிலேயே நிற்கிறார்.

“பொணம் வேணாம்ணே” என்றாள் ஸ்டெல்லா. “நீ உசுரோட வந்து ஒரு வார்த்தை கேட்டா போதும்.”

பதினோரு மணிக்குப் போனோம், ஸ்டெல்லா பச்சை வண்டியில், நாங்கள் மொபெட்டில். வழியில் ஆரோக்கியம் மொபெட்டை நிறுத்தி ஒரு பெரிய தர்பூசணி வாங்கினார். முதல் நாள் எனக்குக் கீற்று கொடுத்த அதே அம்மா. “கரண்ட் வந்துச்சா தம்பி?” என்று விசாரித்தாள். பாதிதான் வந்தது என்றேன்.

ரெஜினா அத்தை ஐஸ் கம்பெனிக்குப் பின் தெருவில் இருந்தார். கதவைத் திறந்தவர் ஆரோக்கியத்தைப் பார்த்து நகரவும் இல்லை, வா என்றும் சொல்லவில்லை.

“அடடே, மாப்ள. வழி தெரியாம வந்துட்டியா? என்னா கையில, பரிசமா? ஒரு பழத்துக்குப் பொண்ணு குடுக்கற காலமெல்லாம் போயிடுச்சே.”

“அத்தே…”

“இப்ப மட்டும் அத்தே.”

“நான் அன்னிக்கிப் பேசுனது தப்புதான்.” பாதி வார்த்தையைப் பழத்துக்குத்தான் சொன்னார். “கோயில் வாசல்ல பேசியிருக்கக்கூடாது.”

“சத்தமா சொல்லு. எதுத்த ஊட்டுக்காரிக்குக் காது மந்தம். அன்னிக்கி அவளும்தான் இருந்தா.”

ஆரோக்கியம் சத்தமாகச் சொன்னார். எதிர் வீட்டு அம்மா நிஜமாகவே வெளியே வந்து எட்டிப் பார்த்தார். ரெஜினா அத்தைக்கு அதற்குப் பிறகுதான் கதவை விட்டு நகர மனசு வந்தது. நேராக ஸ்டெல்லாவிடம் போய் அவள் கன்னத்தைத் தடவினார்.

“உனக்கு இந்த ஊட்டுல என்னிக்கிடி கதவு சாத்துனேன்? இவனாலதானே நீயும் வரல. இரு. எத்தனை வருஷம் வேணா இரு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி யாரு? பேண்ட்டுல எலி கடிச்சிருக்குது?”

வண்டிக்கு ஒரு பிளக் வேண்டும் என்று விளக்கினேன். வீட்டில் மூன்று முள் பிளக் ஒன்றுதான். அதில் ஃபிரிட்ஜ்.

“ஃபிரிட்ஜைப் புடுங்கிட்டு ஸ்கூட்டருக்குப் போடுவியா? என் மீன் கொழம்பு என்னாவறது?”

“எக்ஸ்டென்ஷன் போட்டுத் தர்றேங்க. ரெண்டும் ஓடும்.”

ஐஸ் கம்பெனிக்கு வரும் பெரிய லைனில்தான் அந்தத் தெருவும் இருந்தது. வோல்ட்டேஜ் இருநூற்று இருபது. மரக்காணம் வந்த பிறகு நான் பார்த்த ஒரே நல்ல எண். அந்தப் பகலில் ஸ்க்ரூ டிரைவரோடு சுவரைக் குடைந்தேன். சாப்பாட்டுக்கு நெத்திலி வறுவல், பிறகு ஆரோக்கியம் கொண்டுவந்த பழம். பழம் அவ்வளவு இனிப்பாக இல்லை என்று அத்தை சொன்னார். ஆனால் இரண்டு முறை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விடியும்போதே, ஸ்டெல்லா வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பு, நான் லாட்ஜைக் காலி செய்துவிட்டு அங்கே போனேன். பச்சை விளக்கை யாரும் பார்க்கவில்லை. ஸ்டெல்லா வாசலில் உட்கார்ந்து குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கினாள்.

“முப்பத்தொண்ணு.”

ஃபிரிட்ஜ் மேல் இருந்த கரிக்கட்டியால் சுவரில் எழுதினாள். அத்தை வெள்ளை அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லையாம், கத்தினார். வாரத்துக்கு ஒரு தடவை இங்கேயே எழுதுவேன் என்றாள் ஸ்டெல்லா. முப்பத்தொன்றுக்கு மேல் ஏறாத நாள் ஒன்று வரும், அப்போது பேட்டரி தேய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், சரிதானே என்று என்னிடம் கேட்டாள். சரிதான். எங்கள் பட்டறையில் யாரும் அப்படி எழுதி வைத்ததில்லை.

ஆரோக்கியம் வண்டிக்கான பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு என்னை பஸ் ஸ்டாண்டு முனையில் இறக்கிவிட்டார். மூன்று நாளில் அவருக்கு வயது கூடிவிட்டதுபோல இருந்தது. எனக்கும் கூடியிருக்கும். “போயிட்டு வாங்க சார்” என்றார். சார் திரும்பி வந்திருந்தது. “நாளைக்கு அஞ்சு மணிக்கு நான் கிளம்பணும். அறுபதுன்னு நம்பிக்கிட்டு அங்க போயிருந்தா…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தங்கை கிளம்பிவிட்டாள் என்று மொபெட்டைத் திருப்பிக்கொண்டு ஓடினார்.

புதுச்சேரி பஸ்ஸில் இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மீன் கூடைக்கும் ஒரு பையன் கிரிக்கெட் மட்டைக்கும் நடுவே குனிந்து நின்றேன். உடம்பில் வலிக்காத இடம் இல்லை. சட்டைப் பையில் மடித்து வைத்த நோட்டீஸ் வியர்வையில் ஊறி மார்போடு ஒட்டியிருந்தது. ரமேஷ் அண்ணனிடம் வண்டி விற்றாயிற்று என்று சொல்ல வேண்டும், பிறகு நோட்டீஸை மாற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உப்பளத்துக்குப் பிரியும் இடத்தில் பஸ் வேகம் குறைந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக்கு நடுவே மண் கரை, அதன் மேல் பச்சையாக ஒன்று நகர்ந்தது. எதிர்காற்றில் அவள் முந்தானை பின்னால் பறந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு முழ இடைவெளியில் ஆரோக்கியத்தின் மொபெட். இடது காலை நீட்டித் தயாராக வைத்துக்கொண்டே போனார்.

கரை முடிகிற வரைக்கும் பார்த்தேன். கால் அவள் வண்டியில் படவே இல்லை.